பாப்ளர் கவுன்சிலர்கள் ஏன் சிறை சென்றார்கள்?

"நகரசபையில் அரசியல் எதற்கு?" என்று கேட்கும் கனவான்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். தெருவிளக்கு எரிய வேண்டும், சாக்கடை ஓட வேண்டும், குழாயில் தண்ணீர் வர வேண்டும். இதில் கட்சி எதற்கு, கொடி எதற்கு, வர்க்கம் எதற்கு என்று உபதேசம் செய்கிறார்கள். கேட்கும்போது நியாயம் போலத்தான் தோன்றும். ஆனால், எந்தத் தெருவில் விளக்கு முதலில் எரிகிறது? எந்தத் தெருவில் சாக்கடை தேங்கி நிற்கிறது? இதற்கெல்லாம் ஆகும் பணம் யார் வீட்டிலிருந்து வசூலாகிறது? இந்த மூன்று கேள்விகளையும் கேட்ட மாத்திரத்தில் அரசியல் வந்துவிடுகிறது.

லண்டன் மாநகரத்தின் கிழக்குக் கோடியில் பாப்ளர் என்றொரு வட்டாரம் உண்டு. அந்த வட்டாரத்திற்கெனத் தனி நகரசபை இருந்தது. 1921-ம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் அந்த நகரசபையின் கவுன்சிலர்கள் 30 பேர் சிறையில் தள்ளப்பட்டார்கள். அவர்கள் காண்டிராக்டில் கமிஷன் அடித்தவர்களா? இல்லை. பொதுப் பணத்தைக் கையாடியவர்களா? அதுவும் இல்லை. ஏழைகளிடமிருந்து நியாயமற்ற வரியை வசூலித்துக் கொடுக்க மாட்டோம் என்று பகிரங்கமாகச் சொன்னார்கள். அதுதான் அவர்கள் செய்த குற்றம்!

நூறு ஆண்டுக்கு முந்திய கதைதானே என்று இதைத் தள்ளிவிட முடியாது. ஸ்தல ஸ்தாபனம் யாருக்காக இருக்கிறது என்ற கேள்வி இன்றும் தீரவில்லை. ஆகவே பாப்ளர் விவகாரத்தை நம் தொழிலாளத் தோழர்களும் விவசாயத் தொழிலாளர்களும் விவரமாகத் தெரிந்துகொள்வது அவசியம்.

துறைமுகமும் பட்டினியும்

பாப்ளர் நமக்கு முற்றிலும் அந்நியமான இடமல்ல. கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்கள் இந்த நாட்டுச் சரக்குகளை ஏற்றிச் சென்று இறக்கிய கரை அதுதான். 1806-ல் கம்பெனி வாணிபத்துக்காகவே அங்கே கிழக்கிந்தியத் துறை திறக்கப்பட்டது. அதே கம்பெனியின் சாசனத்தால்தான் 1688-ல் சென்னை நகரசபையும் ஏற்பட்டது. கடல் கடந்து வந்த செல்வம் பாப்ளர் கரையில் இறங்கியது. ஆனால் அது பாப்ளரில் தங்கவில்லை. மேற்கு லண்டன் மாளிகைகளுக்குப் போய்விட்டது. மூட்டை சுமந்தவனுக்கு முதுகு வலிதான் மிஞ்சியது.

துறைமுகத் தொழிலாளிக்கு நிரந்தர வேலை கிடையாது. விடிந்ததும் துறையின் வாசலில் நூற்றுக்கணக்கானவர் கூடுவார்கள். மேஸ்திரி வந்து தேவையானவர்களைக் கைகாட்டி அழைத்துக்கொள்வான். மற்றவர்கள் வெறுங்கையோடு வீடு திரும்ப வேண்டும். அதிகாலையில் மிராசுதார் வீட்டுக் களத்தில் காத்து நின்று பழகிய நம் விவசாயத் தொழிலாளிக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

முதல் உலக யுத்தம் முடிந்து சிறிது காலம் வியாபாரம் கொழித்தது. 1920-ம் ஆண்டின் கடைசியிலேயே அது சரியத் தொடங்கிவிட்டது. கப்பல் குறைந்தது, கூலி குறைந்தது, வேலையில்லாதவர் கூட்டம் பெருகியது. யுத்தத்தில் சண்டையிட்டுத் திரும்பிய வாலிபர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள்.

வரிக் கணக்கின் சூது

வேலையற்றவனுக்கு அன்று யார் கஞ்சி ஊற்றுவது? பிரிட்டிஷ் சட்டப்படி அந்தந்தப் பகுதியே தன் ஏழைகளைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும். அதற்கான செலவு, வீடுகளின் மீதும் கடைகளின் மீதும் போடும் 'ரேட்' என்னும் நகரசபை வரியிலிருந்து வர வேண்டும். ஒவ்வொரு கட்டிடத்திற்கும் ஆண்டு வாடகை மதிப்பு ஒன்று நிர்ணயிப்பார்கள். அந்த மதிப்பில் பவுண்டுக்கு இத்தனை ஷில்லிங், இத்தனை பென்னி என்று வரி விதிப்பார்கள்.

சூது இங்கேதான் இருக்கிறது. பணக்காரர்கள் வாழும் வெஸ்ட்மின்ஸ்டர் வட்டாரத்தில் மாளிகைகளும் பெரிய கடைகளும் ஹோட்டல்களும் நிறைந்திருந்தன. அங்கே பவுண்டுக்கு ஒரு பென்னி வரி போட்டால் குவியும் பணம், பாப்ளரில் அதே ஒரு பென்னி போட்டால் கிடைப்பதைப்போல் எட்டு ஒன்பது மடங்கு. வெஸ்ட்மின்ஸ்டரிலோ வேலையற்றவர்கள் சொற்பம். பாப்ளரிலோ தெருவுக்குத் தெரு வேலையற்றவர்கள். எனவே, எங்கே பணம் இருந்ததோ அங்கே செலவு இல்லை. எங்கே செலவு இருந்ததோ அங்கே பணம் இல்லை.

பட்டினி கிடப்பவனுக்கு உதவ வேண்டுமானால் அரைப்பட்டினி கிடப்பவன் மேல் வரியைக் கூட்ட வேண்டும் என்பதே இந்த ஏற்பாட்டின் சாரம். வேலையில்லாத துறைமுகத் தொழிலாளிக்குச் செய்யும் உதவியை, அடுத்த வீட்டில் வேலை பார்க்கும் ரயில்வே தொழிலாளி தன் வாடகையோடு சேர்த்துக் கட்ட வேண்டும். துறைமுகத்தால் லாபம் கண்ட கப்பல் முதலாளியும் பாங்க் முதலாளியும் வேறு வட்டாரத்தில் வசிப்பதால் தப்பித்துக்கொள்ளலாம்!

லண்டன் முழுமைக்கும் பொதுவான ஏழைகள் நிதி ஒன்று 1867-ம் ஆண்டு முதலே இருந்தது. ஆனால் வேலையற்றவர்களுக்கு அவர்கள் வீட்டிலேயே கொடுக்கும் உதவிச் செலவு அந்த நிதியில் சேராது. அதை அந்தந்த வட்டாரமே சுமக்க வேண்டும்.

இது போதாதென்று இன்னொரு பாரமும் இருந்தது. லண்டன் கவுண்டி கவுன்சில், மாநகரப் போலீஸ், மாநகர ஆஸ்பத்திரிகளை நிர்வகித்த வாரியம், குடிதண்ணீர் வாரியம் ஆகிய நான்கு பெரிய ஸ்தாபனங்களுக்கும் ஒவ்வொரு வட்டார நகரசபையும் வரி வசூலித்துக் கப்பம் கட்ட வேண்டும். பணக்கார வட்டாரத்திற்கு அது கொசுக்கடி. பாப்ளருக்கோ முதுகெலும்பை முறிக்கும் சுமை.

தொழிலாளிகள் நடத்திய நகரசபை

1919 நவம்பரில் நடந்த நகரசபைத் தேர்தலில் பாப்ளரின் 42 ஸ்தானங்களில் 39-ஐத் தொழிற்கட்சி கைப்பற்றியது. அதில் வந்தவர்கள் துறைமுகத் தொழிலாளிகள், ரயில்வே தொழிலாளிகள், கூலிக்காரர்கள், அவர்கள் வீட்டுப் பெண்கள். பத்திரிகை ஆசிரியரான ஜார்ஜ் லான்ஸ்பரி முதல் தொழிற்கட்சி மேயரானார். 1921-ல் மேயராக இருந்த சாம் மார்ச், வண்டியோட்டும் தொழிலாளர் சங்கத்தின் தலைவர்களில் ஒருவர். அந்த அணியில் எட்கார் லான்ஸ்பரியும் அவர் மனைவி மின்னியும் 1920-ல் அமைக்கப்பட்ட பிரிட்டிஷ் கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்தவர்கள்.

கவுன்சிலர்களில் சூசன் லாரன்ஸ் என்ற அம்மையாரும் இருந்தார். முதலில் கன்சர்வேடிவ் அணியின் சார்பில் லண்டன் கவுண்டி கவுன்சிலில் உட்கார்ந்திருந்தவர் அவர். பள்ளிக்கூடங்களைக் கூட்டிப் பெருக்கும் பெண்களுக்குக் கொடுக்கப்பட்ட அற்பக் கூலியைக் கண்டு மனம் கொதித்து, அந்த அணியை விட்டு வெளியேறித் தொழிலாளர் பக்கம் வந்தார். நகரசபைக் கூலிக் கணக்கே ஒருவரின் அரசியலை மாற்றிவிட்டது!

பதவிக்கு வந்த பாப்ளர் கவுன்சிலர்கள் மாலை மரியாதையோடு நின்றுவிடவில்லை. தொழிலாளிக்கு வீடு, தாய் சேய் நலம், பொதுக் குளிப்பறை, நூலகம் ஆகியவற்றில் கவனம் செலுத்தினார்கள். 1920-ல் நகரசபைத் தொழிலாளர்களுக்கு வாரத்திற்கு 4 பவுண்டு குறைந்தபட்சக் கூலி என்று தீர்மானித்தார்கள். ஆணுக்கு என்ன கூலியோ அதே கூலி பெண்ணுக்கும் என்றார்கள். சம வேலைக்குச் சமக் கூலி என்பது மேடைப் பேச்சாக மட்டும் இருந்த காலத்தில், ஒரு சின்ன நகரசபை அதைச் சம்பளப் பட்டியலில் எழுதிக் காட்டியது.

"வசூலிக்க மாட்டோம்!"

1921-ன் தொடக்கத்தில் நெருக்கடி முற்றியது. வேலையற்றவர்களுக்கு உதவியைக் குறைக்க வேண்டும். அல்லது வரியை மேலும் ஏற்ற வேண்டும். அதிகாரிகள் காட்டிய வழி இவை இரண்டுதான். முதல் வழியில் போனால் வேலையற்றவன் வயிறு காயும். இரண்டாவது வழியில் போனால் வேலையுள்ளவன் வயிறு காயும். இரண்டு வயிறும் தொழிலாளியின் வயிறே.

கவுன்சிலர்கள் மூன்றாவது வழியைத் தேர்ந்தெடுத்தார்கள். வட்டாரத்தின் சொந்தச் செலவுக்கும் ஏழைகள் உதவிக்கும் வேண்டிய வரியைப் போடுவோம். நான்கு பெரிய ஸ்தாபனங்களுக்குக் கட்ட வேண்டிய கப்பத்துக்கு வரி போட மாட்டோம். பவுண்டுக்கு 6 ஷில்லிங் 10 பென்ஸ் என்று வந்திருக்க வேண்டிய வரியை 4 ஷில்லிங் 4 பென்ஸாக நிறுத்தினார்கள்.

அவர்கள் கோரிக்கையை இங்கே கவனிக்க வேண்டும். 'வரியே கொடுக்க மாட்டோம்' என்று அவர்கள் சொல்லவில்லை. லண்டன் முழுவதும் ஒரே நகரம்; துறைமுகத்தின் லாபம் முழு நகரத்துக்கும் போகிறது; எனவே வேலையில்லாமையின் சுமையையும் முழு நகரமும் பங்கிட்டுக்கொள்ளட்டும், பணக்கார வட்டாரம் அதிகம் கொடுக்கட்டும் என்றுதான் சொன்னார்கள். பாமரனுக்கும் புரியும் கோரிக்கை. அதனால்தான் தெருத் தெருவாக மக்கள் அவர்கள் பின்னால் திரண்டார்கள்.

கவுண்டி கவுன்சிலும் ஆஸ்பத்திரி வாரியமும் ஹைகோர்ட்டுக்கு ஓடின. 1921 ஜூலை 29-ந் தேதி கவுன்சிலர்கள் கோர்ட்டில் ஆஜராக வேண்டும். அன்று அவர்கள் மோட்டாரில் ஏறி மறைவாகப் போகவில்லை. நகரசபை மண்டபத்திலிருந்து ஊர்வலமாகப் புறப்பட்டார்கள். நகரசபையின் செங்கோலைத் தாங்கிய சேவகர் முன்னால் நடந்தார். மேயர் பதவிச் சங்கிலியை அணிந்து நடந்தார். சுமார் 2,000 பேர் கூட நடந்தார்கள். 'பாப்ளர் நகரசபை ஹைகோர்ட்டுக்குப் போகிறது, அநேகமாகச் சிறைக்கும் போகும்' என்ற பொருள்படும் பதாகையை முன்னால் பிடித்திருந்தார்கள்.

சட்டம் தெளிவாக இருக்கிறது, வரியைப் போடு என்றது கோர்ட். முடியாது என்றார்கள் கவுன்சிலர்கள். செப்டம்பர் முதல் தேதி தொடங்கிக் கைதுகள் நடந்தன. ஆண்கள் பிரிக்ஸ்டன் சிறைக்கும் பெண்கள் ஹாலோவே சிறைக்கும் அனுப்பப்பட்டார்கள். ஜூலியா ஸ்கர், மின்னி லான்ஸ்பரி, சூசன் லாரன்ஸ், கர்ப்பிணியாக இருந்த நெல்லி கிரசல் ஆகியோர் அந்தப் பெண்களில் அடங்குவர். பிள்ளை சுமக்கும் பெண்ணைச் சிறையில் அடைத்த செய்தி பரவியதும் சர்க்காருக்குத் தர்மசங்கடம் பிறந்தது. மற்றவர்களுக்கு முன்பாகவே நெல்லி கிரசல் விடுவிக்கப்பட்டார். பின்னாளில், 1943-ல், அவரே பாப்ளரின் மேயரானார்.

சிறைக்குள்ளும் நகரசபை கூடியது! ஹாலோவே சிறையிலிருந்து பெண் கவுன்சிலர்களை மோட்டாரில் பிரிக்ஸ்டனுக்கு அழைத்துவர வேண்டிய நிலை ஏற்பட்டது. சிறை மதிலுக்கு வெளியே தொழிலாளிகள் கூடினார்கள். லான்ஸ்பரி ஜன்னல் கம்பி வழியாக அவர்களிடம் பேசினார். உள்ளே போட்டால் அடங்கிவிடுவார்கள் என்று நினைத்தவர்களுக்கு, உள்ளே இருப்பவர்களை என்ன செய்வது என்று தெரியாமல் போயிற்று.

சட்டம் மாறியது எப்படி?

பக்கத்து வட்டாரங்களான பெத்னல் கிரீன், ஸ்டெப்னி நகரசபைகளும் பாப்ளர் வழியில் போகத் தீர்மானித்தன. இதுதான் சர்க்காரை உலுக்கியது. ஒரு நகரசபையைச் சிறையில் போடலாம். கிழக்கு லண்டன் முழுவதையும் போட எத்தனை சிறை கட்டுவது?

தொழிற்கட்சியின் தலைமையில் எல்லோரும் இவர்களை ஆதரித்தார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. ஹாக்னி வட்டாரத்தின் ஹெர்பர்ட் மாரிசன் போன்றவர்கள் இந்த வழியை எதிர்த்தார்கள். சட்டத்தை மீறினால் கட்சியின் நல்ல பெயர் கெடும், நடுத்தர மக்கள் பயந்து விலகுவார்கள், பேச்சுவார்த்தை மூலமே சாதிக்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். இது வெறும் கோழைத்தனம் என்று ஒதுக்கத்தக்க வாதமல்ல. ஒவ்வொரு நகரசபையும் தனக்குப் பிடிக்காத சட்டத்தை மீறத் தொடங்கினால் என்ன ஆகும் என்பது நியாயமான கேள்விதான்.

அந்தக் கேள்விக்கு நிகழ்ச்சிகளே பதில் சொல்லின. லண்டனின் வரிச் சுமையைச் சமப்படுத்த வேண்டும் என்று பல ஆண்டுகளாக மனுக்கள் போயிருந்தன, தூதுக்குழுக்கள் போயிருந்தன. மந்திரிகள் தலையசைத்தார்கள், காரியம் நடக்கவில்லை. சிறைவாசம் தொடங்கிய ஆறு வாரத்தில், அக்டோபர் 12-ந் தேதி, ஒரு வார்த்தைகூட மன்னிப்புக் கேட்காமல் கவுன்சிலர்கள் வெளியே வந்தார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் புதிய சட்டம் வந்தது. வேலையற்றவர்களுக்குக் கொடுக்கும் உதவிச் செலவு லண்டன் முழுவதற்கும் பொதுவாக்கப்பட்டது. பணக்கார வட்டாரங்கள் ஏழை வட்டாரங்களுக்குப் பணம் கொடுக்க வேண்டியதாயிற்று. வெஸ்ட்மின்ஸ்டரின் பணம் முதல் தடவையாகப் பாப்ளரின் வேலையற்றவன் வீட்டு அடுப்புக்கு வந்தது.

இந்த வெற்றிக்குக் கொடுத்த விலையும் உண்டு. சிறையிலிருந்து வெளிவந்த சில மாதங்களில், 1922 ஜனவரி முதல் தேதி, மின்னி லான்ஸ்பரி நிமோனியாவால் காலமானார். அவருக்கு வயது 32. யுத்த விதவைகளுக்காகவும் உபகாரச் சம்பளத்துக்காகவும் வீடு வீடாக அலைந்த அந்த வீராங்கனையின் பெயரைப் பாப்ளர் மக்கள் மறக்கவில்லை. அவர் நினைவாகக் கடிகாரம் ஒன்று அந்தத் தெருவில் நிற்கிறது.

நீதிமன்றமும் விட்டுவிடவில்லை. 4 பவுண்டு கூலி அதிகம் என்று தணிக்கை அதிகாரி ஆட்சேபித்து 5,000 பவுண்டைக் கவுன்சிலர்கள் தலையில் கட்டினார். விலைவாசி இறங்கியும் கூலியை இறக்கவில்லை என்பது ஒரு குற்றச்சாட்டு. பெண்ணுக்கு ஆணின் கூலி என்பது இன்னொன்று. வழக்கு மேலே மேலே போய் 1925-ல் பிரபுக்கள் சபைக்கு வந்தது. கவுன்சிலர்கள் செய்தது சட்ட விரோதம் என்று தீர்ப்பாயிற்று. சோஷலிச தரும சிந்தனைக்கும் பெண்ணுரிமை ஆசைக்கும் இவர்கள் இடங்கொடுத்துவிட்டார்கள் என்ற பொருள்படப் பேசினார் ஒரு நீதிபதிப் பிரபு. மக்கள் ஓட்டுப் போட்டு ஏற்றுக்கொண்ட கூலி விகிதத்தை, ஓட்டே வாங்காத பிரபுக்கள் ரத்து செய்தார்கள்!

வெஸ்ட்மின்ஸ்டரின் கதை

இனி நாணயத்தின் மறுபக்கத்தைப் பார்ப்போம். அதே லண்டன். அதே பணக்கார வெஸ்ட்மின்ஸ்டர். ஆண்டு 1986. அந்த ஆண்டு நகரசபைத் தேர்தலில் கன்சர்வேடிவ் கட்சி நூலிழையில் தப்பிப் பதவியைக் காப்பாற்றிக்கொண்டது. நகரசபைத் தலைவியாக இருந்தவர் ஷர்லி போர்ட்டர். டெஸ்கோ என்னும் பெரும் கடை நிறுவனத்தை நிறுவியவரின் மகள். அடுத்த தேர்தலில் தோற்காமலிருக்க என்ன செய்வது? தங்கள் கொள்கையை மாற்றி மக்களைக் கவர்வது ஒரு வழி. இவர்களோ மக்களையே மாற்றிவிடத் தீர்மானித்தார்கள்!

போட்டி கடுமையாக இருந்த எட்டு வார்டுகளைப் பொறுக்கினார்கள். அங்கே நகரசபைக்குச் சொந்தமான வீடுகள் காலியானால், வீட்டுக்காகக் காத்திருக்கும் ஏழைக் குடும்பத்துக்குக் கொடுப்பதை நிறுத்தினார்கள். இரும்புக் கதவு போட்டுப் பூட்டி வைத்து, வாங்கும் வசதி உள்ளவர்களுக்கு விற்றார்கள். வாங்குகிறவர்கள் தங்களுக்கு ஓட்டுப் போடுவார்கள் என்பது கணக்கு. வீடற்ற குடும்பங்கள் வட்டாரத்தைவிட்டே வெளியேற்றப்பட்டன. சிலரை ஆஸ்பெஸ்டாஸ் நிறைந்த இரண்டு அடுக்குமாடிக் கட்டிடங்களில் கொண்டுபோய் வைத்தார்கள். அந்தத் தூசு நுரையீரலைத் தின்னும் என்பதை ஆலைத் தொழிலாளிக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இதே நிர்வாகம் 1987-ல் நகரசபையின் மூன்று இடுகாடுகளை மொத்தம் 15 பென்ஸுக்கு விற்றது. பதினைந்து பவுண்டு அல்ல, பதினைந்து பென்ஸ்! இறந்தவர்களைப் பராமரிக்கும் செலவுகூடப் பாரமாகத் தெரிந்தது இவர்களுக்கு.

விஷயம் தணிக்கைக்குப் போனது. 1996-ல் தணிக்கை அதிகாரி இது முறைகேடு என்று தீர்ப்புச் சொல்லி 3 கோடி பவுண்டுக்கு மேல் இழப்பைச் சம்பந்தப்பட்டவர்கள் கட்ட வேண்டும் என்றார். அப்பீலில் இவர்களுக்குச் சாதகமாக ஒரு தீர்ப்பும் வந்தது. கடைசியில் 2001-ல் பிரபுக்கள் சபை அதைத் தள்ளி, பொது அதிகாரத்தைக் கட்சி லாபத்துக்காகப் பயன்படுத்தியது சட்ட விரோதம் என்று உறுதி செய்தது. ஆனால் பணம் வந்ததா? வட்டியோடு 4 கோடி பவுண்டைத் தாண்டிவிட்ட கடனை, 2004-ல் 1 கோடியே 23 லட்சம் பவுண்டுக்குச் சமரசம் செய்து முடித்துக்கொண்டார்கள்.

இரண்டு கதைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஏழையிடம் வசூலிக்க மறுத்தவர்கள் சில மாதங்களில் சிறைக்குப் போனார்கள். ஏழையின் வீட்டை விற்றவர்கள் மீது தீர்ப்பு வரப் பத்து ஆண்டுக்கு மேல் ஆயிற்று; ஒருவர்கூட ஒரு நாள் சிறையில் இருக்கவில்லை. பாப்ளர் கவுன்சிலர்கள் சட்டத்தைப் பட்டப்பகலில், ஊரறிய மீறினார்கள். சொந்த லாபம் ஒரு காசும் இல்லை. தண்டனையைத் தங்கள் உடம்பால் ஏற்றார்கள். வெஸ்ட்மின்ஸ்டர் கனவான்கள் சட்டத்தின் பெயராலேயே, பைலுக்குள் மறைத்து மீறினார்கள். லாபம் தங்கள் பதவிக்கு. நகரசபையில் அரசியல் கூடாது என்று உபதேசிப்பவர்கள் இந்த இரண்டில் எதை அரசியல் என்கிறார்கள்?

இன்றைய நிலை

பாப்ளர் நகரசபை இன்று தனியாக இல்லை. 1965-ல் பெத்னல் கிரீனோடும் ஸ்டெப்னியோடும் சேர்ந்து டவர் ஹாம்லெட்ஸ் என்ற வட்டாரமாயிற்று. துறைகள் மூடப்பட்டன. மேற்கிந்தியத் துறை இருந்த இடத்தில் கேனரி வார்ஃப் என்ற பெயரில் பாங்குகளின் வானளாவிய கட்டிடங்கள் நிற்கின்றன. அந்தக் கட்டிடங்களின் நிழல் விழும் தூரத்திலேயே, லண்டனில் பிள்ளைகளின் வறுமை மிகுந்த தெருக்களும் இருக்கின்றன.

கவுன்சிலர்களின் சொந்தச் சொத்திலிருந்து இழப்பைப் பிடுங்கும் தண்டச் சட்டம் 1985-லும் பாய்ந்தது. மத்திய சர்க்காரின் செலவுக் கட்டுப்பாட்டை எதிர்த்து வரி நிர்ணயிக்கத் தாமதித்த லிவர்பூல், லாம்பெத் கவுன்சிலர்கள் தண்டம் விதிக்கப்பட்டுப் பதவியும் இழந்தார்கள். பிறகு 2000-ம் ஆண்டுச் சட்டத்தால் அந்த முறை கைவிடப்பட்டது.

ஆனால் ஸ்தல ஸ்தாபனங்களின் கழுத்தை நெரிக்க வேறு கயிறு இருக்கிறது. 2010-க்குப் பிறகு மத்திய சர்க்கார் கொடுக்கும் மானியம் ஆண்டுதோறும் வெட்டப்பட்டது. 2023 செப்டம்பரில் பர்மிங்காம் நகரசபை, வரவுக்குள் செலவை அடக்க முடியாது என்று கைவிரித்தது. முக்கியமாகச் சொல்லப்பட்ட காரணம் என்ன? பெண் தொழிலாளிகளுக்குச் சமக் கூலி கொடுக்காமல் பல்லாண்டு ஏமாற்றியதன் பாக்கி! குப்பை அள்ளும் ஆண்களுக்குப் போனஸ் கிடைத்தது. சமையல், துப்புரவு, பராமரிப்பு வேலை பார்த்த பெண்களுக்கு இல்லை. பெண்கள் வழக்குப் போட்டார்கள். 2012-ல் உச்ச நீதிமன்றத்தில் வென்றார்கள். 1925-ல் சமக் கூலி கொடுத்தது சட்ட விரோதம் என்றார்கள். நூறு ஆண்டு கழிவதற்குள், சமக் கூலி கொடுக்காததே ஒரு நகரசபையைக் கடனில் மூழ்கடித்தது. பாப்ளர் கணக்கு எவ்வளவு சரி என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

கைவிரித்த பிறகு என்ன செய்தார்கள்? மேலிருந்து கமிஷனர்கள் வந்தார்கள். 2024-ல் நகரவாசிகளின் வரி ஏறத்தாழ 10 சதவிகிதம் ஏற்றப்பட்டது. சேவைகள் வெட்டப்பட்டன. சம்பளமும் வேலைத் தரமும் குறைக்கப்படுவதை எதிர்த்துக் குப்பை அள்ளும் தொழிலாளிகள் 2025 மார்ச்சில் முழு வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். தவறிய கணக்கின் சுமையை மறுபடியும் கீழே இருப்பவன் தலையில் இறக்குவது என்ற பழைய வழக்கம் மாறவில்லை.

நாம் கேட்க வேண்டியவை

பாப்ளரிலிருந்து நம் வாசகர்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது வீரவணக்கம் மட்டுமல்ல. அந்தக் கவுன்சிலர்கள் வென்றதற்குக் காரணங்கள் இருந்தன. முதலாவது, கணக்கை அவர்கள் மனப்பாடமாக அறிந்திருந்தார்கள். எந்த வரி எங்கே போகிறது என்பதை ஒவ்வொரு தெருவிலும் விளக்கினார்கள். இரண்டாவது, கோரிக்கையை ஒரே வாக்கியத்தில் சொல்லக்கூடியதாக வைத்துக்கொண்டார்கள். மூன்றாவது, வேலையுள்ளவனையும் வேலையற்றவனையும் மோதவிடும் சூழ்ச்சிக்கு இரையாகவில்லை. நான்காவது, தாங்கள் சுமக்கத் தயாராயில்லாத துன்பத்தை மக்களைச் சுமக்கச் சொல்லவில்லை. இவற்றில் ஒன்று குறைந்திருந்தாலும் முப்பது பேர் சிறைக்குப் போய்த் திரும்பியிருப்பார்கள், சட்டம் மாறியிருக்காது.

ஆகவே வரவுசெலவுத் திட்டம் என்றால் படித்தவர்கள் சமாசாரம் என்று ஒதுங்க வேண்டாம். மில் வாசலிலும் களத்து மேட்டிலும் அதைப் படித்துக் காட்ட வேண்டும். வரி யாரிடம் வாங்கப்படுகிறது, யாருக்கு விட்டுக்கொடுக்கப்படுகிறது? பணம் எந்தத் தெருவில் செலவாகிறது? துப்புரவுத் தொழிலாளிக்கும், கூட்டிப் பெருக்கும் பெண்ணுக்கும் என்ன கூலி? பொது நிலமும் பொதுக் கட்டிடமும் யாருக்கு, என்ன விலைக்குப் போகின்றன? ஓட்டுக் கேட்டு வருகிறவர் எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும் இந்த நான்கு கேள்விகளுக்கும் பதில் சொல்லட்டும்.

பதில் சொல்லத் தெரியாதவர் நகரசபையில் அரசியல் எதற்கு என்றுதான் பேசுவார். அவரிடம் பாப்ளர் துறைமுகத் தொழிலாளிகளின் கதையைச் சொல்லுங்கள். மனுவுக்கு மசியாத சட்டம், கணக்குத் தெரிந்த மக்கள் ஒன்றாக எழுந்து நின்றபோது ஆறு வாரத்தில் வழிக்கு வந்தது என்று சொல்லுங்கள்.